சாந்தாமணியின் இரண்டு பெட்டிகள்

விலை கூடிய பெட்டி அந்த விலைக்குத் தகுமா என்று கேட்காமல் எங்கள் கடைப் படியை யாரும் இறங்கியதில்லை. பீளமேட்டில் பேச்சுப்பெட்டி விற்கும் கடை எங்களுடையது. வாதத்திலோ நரம்பு நோயிலோ பேச்சை இழந்தவர்களின் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டினால், அவர்கள் சொல்ல நினைப்பதைப் பிடித்து அந்தக் கம்ப்யூட்டர் பேசும். இரண்டு ரகம் உண்டு. சாதா நாற்பத்தைந்தாயிரம், ராயல் ஒன்பது லட்சம். சாதாவில் எழுத்துகள் வரிசை வரிசையாக மின்னிக்கொண்டு போகும். நோயாளி மனத்துக்குள் ‘இதுதான்’ என்று நினைக்கிற எழுத்தில் நிற்கும். ஒரு வாக்கியம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகும். ராயல் அப்படியில்லை. முழு வாக்கியத்தையும் அவர்களுடைய பழைய குரலிலேயே, நம்மைப்போலச் சரளமாகப் பேசிவிடும்.

பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். காசுக்கேத்த பணியாரங்க என்பேன். வாயை விற்றுப் பிழைக்கிறவள் வேறென்ன சொல்வாள்?

நாச்சிமுத்து ஐயாவிடம் அந்தப் பதிலைச் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அறுபத்தைந்து வயது, கையெல்லாம் இரும்புத்தூள் ஏறிக் கறுத்த மனிதர். சாதாவை அவர் திரும்பியே பார்க்கவில்லை. பட்டறையில் மலிவான டூல் வாங்கினால் கடைகிற ஜாப் கெடும், ஜாப் கெட்டால் பேர் கெடும் என்று எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அவருடைய மனைவி சாந்தாமணி அம்மாவுக்கு நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். கைகால் போய், பேச்சும் போய் நான்கு மாதம். கண் அசையும், ஆனால் நினைத்த பக்கம் போகாது. அறிவு மட்டும் முழுசாக இருந்தது.

“முப்பத்தெட்டு வருசமா என்ற கூடப் பேசிட்டிருந்தவ அம்மணி. ஊடு செத்த ஊடாட்டம் கெடக்குது. எத்தன ஆனாலுஞ் செரி, அவ பேசோணும்” என்றார்.

அன்பில்லாத மனிதர் இல்லை அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபம் வரும்போது ஞாபகம் இருக்கட்டும்.

ராயலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நோயாளி நன்றாக இருந்தபோது பேசிய பேச்சு முப்பது மணி நேரமாவது வேண்டும். அதைக் கேட்டுத்தான் அவர் எப்படிப் பேசுவார், எதற்கு என்ன சொல்வார் என்று பெட்டி பழகும். அந்தப் பேச்சு குறைந்தது மூன்று பேரிடம் பேசியதாக இருக்க வேண்டும் என்று கம்பெனியின் படிவத்திலேயே அச்சடித்திருக்கும். நாச்சிமுத்து ஐயா தன் போனை நீட்டினார். பதினொரு வருடமாகப் பட்டறைக்கு அந்த அம்மா அனுப்பிய குரல் செய்திகள் அத்தனையும் அதில் இருந்தன. ஒன்றைக்கூட அவர் அழித்ததில்லை. ‘சாப்பாடு குடுத்துவுட்டனுங்க.’ ‘செரிங்க, நீங்க சொன்னாப்லயே செஞ்சர்றனுங்க.’ ‘வெயில்ல அலையாதீங்க.’ நான் கேட்ட இருபது முப்பதும் இதே ஜாடைதான்.

அக்கா தங்கை, மகன் மகள், தோழிகள் யாரிடமாவது பேசியது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“என்றகிட்டப் பேசாம அவ வேற யாருகிட்டப் பேசப்போறா?”

அதற்கு முன் கடையில் ஒரு ராயல் விற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலாளி தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் என்று அச்சடித்த இடத்தில் மூன்று டிக்கையும் நானே போட்டேன். அந்தப் பேனாவைப் பிடித்த கையை என்ன செய்தால் தகும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பெட்டியை மாட்டிய அன்று அந்த வீட்டில் திருவிழாதான். பட்டையைக் கட்டி ஸ்விட்சைப் போட்டதும், “சாந்தா, எப்படி இருக்கறே?” என்று அவர் கேட்டார். நாலு மாதம் பேசாத குரல் ஸ்பீக்கரில் வந்தது. “நல்லா இருக்கறனுங்க. நீங்க சாப்ட்டீங்களா? எளச்சுப் போயிட்டீங்க.” ஆறடி மனிதர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து ஒவ்வொரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றுக்கும் பெட்டி திணறவில்லை. சாந்தாமணி அம்மாவின் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

மாதம் ஒருமுறை சர்வீசுக்குப் போவேன். அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்தான் ஒருநாள் காதோடு சொன்னாள், பெட்டி பேசி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்குக் கண்ணீர் வருகிறது என்று. நோயில் கண் கசிவது சகஜம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஐந்தாவது மாதம் சர்வீசுக்குப் போயிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. என் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துவைத்திருந்தேன். பெட்டி பேசுகிற ஒவ்வொரு வாக்கியமும் என் திரையில் ஒரு கோடாக வரும். பட்டை உண்மையாகவே பிடித்த பகுதி பச்சையாகவும், பெட்டி தானாக ஊகித்து நிரப்பிய பகுதி சாம்பல் நிறமாகவும் தெரியும். போனில் பேசியது ஒரு பெண். ஐயாவின் முகம் இறுகிப்போனது. அவருக்கு ஒரு மகள் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெயர் சுகந்தி. ஆறு வருடத்துக்கு முன்னால் அதே பட்டறையில் லேத் ஓட்டிய பையனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டவள். அன்றிலிருந்து அவள் பெயரை அந்த வீட்டில் எடுப்பதில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கெஞ்சினாள்.

ஐயா போனை ஸ்பீக்கரில் போட்டார். தான் தடுத்ததாக நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது, உன் அம்மாவையே கேட்டுக்கொள் என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்.

“சாந்தா, சுகந்தி வரட்டுமான்னு கேக்கறா. நீயே சொல்லு.”

ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. “வேண்டாங்க. அந்தப் பேச்ச வுட்ருங்க. உங்க மனசு சங்கடப்படுமுங்க” என்றது பெட்டி.

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. ஐயா என்னைத் திரும்பிப் பார்த்து, பெத்தவளே சொல்லிவிட்டாள், நான் என்ன செய்ய என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

என் திரையில் அந்தக் கோடு அப்படியே நின்றுகொண்டிருந்தது. தொடக்கத்தில் ஒரு துளி பச்சை. மீதியெல்லாம் சாம்பல். சாந்தாமணி அம்மா ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறார். பெட்டி அதற்குள் முந்திக்கொண்டு அவருக்காகச் சொல்லி முடித்துவிட்டது. எனக்குப் புரிந்தது. புரிந்தும், லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சென்னையில் இருக்கும் எங்கள் கம்பெனி இன்ஜினீயர் சந்தானகிருஷ்ணனைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், எதையும் மறைக்கத் தெரியாதவர்.

“அது அப்படித்தாம்மா வேலை செய்யும். அந்தப் பட்டைல பத்து நிமிஷத்துக்கு ரெண்டு எழுத்துக்கு மேல வராது. சாதால இருக்கறதும் அதே பட்டைதான், உங்களுக்குத் தெரியுமே. அந்த அம்மா இதுக்கு முன்னாடி இந்த ஆள்கிட்ட இந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருக்காங்கன்னு பாத்து, மிச்சத்த ராயல் சொல்லிடும்.”

“முந்தி அவருகிட்ட அப்படிச் சொன்னது அவரு கோவத்துக்குப் பயந்து சொன்னதா இருக்கும் சார்.”

“அது பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே மூணு பேர்கிட்ட பேசினது கேக்கறோம்.”

அவரே தொடர்ந்தார்.

“மெர்சி, ஒண்ணு சொல்றேன். சொந்தக்காரங்க காசு குடுக்கறது நோயாளி பேசறதுக்கு இல்ல. தாங்க காத்திருக்காம இருக்கறதுக்கு.”

இரண்டு மாதம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொன்னால் டிக் போட்ட கதை வெளியே வரும், வேலை போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறு எப்படி இறங்கும்? கடைசியில் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பொய் சொல்லத்தான் வந்தது, அதுதானே கைவந்த தொழில். ராயலில் போர்டு கெட்டிருக்கிறது, சென்னைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை இது இருக்கட்டும் என்று சொல்லி, கடையில் காட்சிக்கு வைத்திருந்த சாதாவைக் கொண்டுபோய் மாட்டினேன். ராயலில் ஒரு கோளாறும் கிடையாது. என் வீட்டு அலமாரியில் இருந்தது.

ஐயாவுக்கு எரிச்சல். பத்து நிமிடம் நின்று பார்த்தார். எழுத்துகள் மின்னிக்கொண்டு போயின, எதிலும் நிற்கவில்லை. இது பேசுவதற்குள் பொழுது விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினார். நான் உட்கார்ந்தேன். அந்த அம்மாவிடம் எப்படிச் செய்ய வேண்டும், அவசரமே இல்லை என்று மட்டும் சொன்னேன். அரை மணி கழித்து முதல் எழுத்து நின்றது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வாக்கியம் முடிந்தது. பஸ் ஸ்டாண்டு அறிவிப்புப்போல உணர்ச்சியே இல்லாத ஒரு குரலில் சாதா அதைப் படித்தது.

“அது நான் இல்லை.”

நான் அந்த அம்மாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். சர்ச்சுக்குப் போகும் எங்கள் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வந்த ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிக் போட்டது உட்பட. அவர் நம்பவில்லை. இது ஓட்டைப் பெட்டி, உளறுகிறது என்றார். ஆனால் தொழில்காரர். எந்த அளவையும் மூன்று தடவை அளக்காமல் இரும்பில் டூலை வைக்காதவர். மூன்று தடவையும் ஒரே அளவு வந்தால்தான் ஸ்கேல் சரி என்று அவர் பட்டறையில் சட்டம். அன்றைக்கு மனைவியிடம் அவரே கேட்டார், சுகந்தி வரணுமா என்று. கேட்டுவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ‘வரட்டும்’ என்று வந்தது. அடுத்த நாள் கேட்டார். ‘வரட்டும்.’ மூன்றாம் நாள் கேட்கும்போது அவர் குரல் உடைந்திருந்தது. அதே சொல்தான் வந்தது.

“ஒம்பது லட்சத்துப் பெட்டிய ஒரு தடவைகூட அளந்து பாக்கலையே அம்மணி. நெனச்சதே வந்துட்டிருந்துச்சு, அதனால அளக்கோணும்னே தோணல” என்றார்.

மகளுக்கு அவர் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. எண்ணை வாங்கி நான் செய்தேன். யார், எதற்கு என்று சொன்னதும் அவள் நிதானமாகப் பேசினாள்.

“எங்கம்மா குரல்ல, எங்கம்மாவே வேண்டான்னாங்க. இப்ப ஏதோ மலிவுப் பெட்டி, ஏதோ குரல்ல வரச்சொல்லுதுங்கறீங்க. நான் எத நம்பறதுங்க?”

“அன்னிக்கு நான் பக்கத்துலதான் இருந்தேங்க. என் ஸ்கிரீன்ல பாத்தேன். உங்கம்மா அதச் சொல்லலை. பெட்டியாச் சொன்னது.”

“அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு மாசமாச்சுங்களே” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டாமல் போனை வைத்தாள்.

சாதாவை மாட்டிய நான்காம் நாள் சுகந்தி வந்தாள். அதற்குள் சாந்தாமணி அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அதிக நாளில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். ராயலை இனியும் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. அட்டைப்பெட்டியோடு அன்று காலையில்தான் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்திருந்தேன். சுகந்தி செருப்பைக் கழற்றியவள் அப்பாவைப் பார்க்காமல் நேரே உள்ளே போனாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “அம்மா, நீதான் வேண்டான்னியா?” என்று அந்த ஒரே கேள்வியைக் கேட்டாள்.

எழுத்துகள் மின்னத் தொடங்கின. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். ஐயா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அந்த அம்மா நடுவில் இரண்டு தடவை களைத்துப்போய்க் கண்ணை மூடினார். திறந்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தார். இடையில் சுகந்தி வாயைத் திறக்கவில்லை, என்ன சொல்லவருகிறார் என்று ஊகிக்கவும் இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

“தினமும் கூப்பிட்டேன் கண்ணு” என்றது அந்த பஸ் ஸ்டாண்டுக் குரல்.

சுகந்தி அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். ஏழு மாதமாக அந்தப் பட்டைக்குள் சாந்தாமணி அம்மா மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ராயல் அதைத் திருத்தி, ‘சாப்ட்டீங்களா’ என்று சொல்லியிருக்கிறது.

வெகுநேரம் கழித்து ஐயா உள்ளே வந்தார். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தார். “என்றகிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா சாந்தா?” என்றார்.

மறுபடி எழுத்துகள் மின்னின. முதல் வரிசை போனது, இரண்டாவது போனது. கடைசி வரிசை முடிந்து முதலிலிருந்து தொடங்கியது. எதிலும் நிற்கவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இந்த மூன்று நான்கு நாளில் காத்திருக்கப் பழகியிருந்தார். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. அந்த அம்மாவின் கண் திறந்தே இருந்தது.

“பட்டை லூசா இருக்குதா பாரு அம்மணி.”

பார்த்தேன். பட்டை சரியாகவே இருந்தது. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. அந்த அம்மா விழித்திருக்கிறார், கேள்வி காதில் விழுந்திருக்கிறது, பட்டை பிடிக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். பொய் சொல்லியிருக்கலாம். களைப்பாக இருப்பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

“சரியாத்தான் இருக்குதுங்கய்யா” என்றேன்.

அவர் தலையாட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கி ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் நீண்டது. பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, மனைவியின் போர்வையை ஒருமுறை சரிசெய்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். அட்டைப்பெட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. ராயலை மாட்டச் சொல்வார், எப்படி மறுப்பது என்று யோசித்துக்கொண்டே நான் வெளியே வந்தேன்.

அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, வயரைத் தானே செருகி, அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். நெற்றிப் பட்டை நான் உறையில் போட்டுவைத்தபடியே அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. அதை அவர் கவனிக்காமல் இல்லை; கையால் ஒதுக்கிவைத்ததை நானே பார்த்தேன்.

“சாந்தா” என்றார் மெதுவாக.

“சொல்லுங்க. ஏன் ஒரு மாதிரி இருக்கறீங்க? சாப்ட்டீங்களா?” என்றது ராயல்.

உள்ளே சுகந்தி அம்மாவிடம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எழுத்துகள் மின்னுகிற மெல்லிய டிக் டிக் கூடம்வரை வந்தது.

“இன்னும் இல்ல சாந்தா” என்றார் அவர்.